ஒரு பரோலோ பாட்டிலும் என் மூக்கும்

என் கணவர் இத்தாலிய ஒயின் வகுப்பில் சேர்ந்ததற்குக் காரணம் ஆசை இல்லை, பதவி உயர்வு. ஆக்லாந்து நகர மையத்தில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் அவரை மேனேஜர் ஆக்கினார்கள். அதோடு வாடிக்கையாளர்களை அவ்வப்போது உணவகத்துக்குக் கூட்டிப் போகும் கடமையும் தலையில் விழுந்தது. முதல் தடவை போனபோது, பரிமாறுகிறவர் பாட்டிலைத் திறந்து இவர் கிளாஸில் மட்டும் ஒரு வாய் அளவுக்கு ஊற்றிவிட்டு அப்படியே நின்றிருக்கிறார். மேஜையில் எல்லோரும் இவரையே பார்த்திருக்கிறார்கள். நமக்கு மட்டும் ஏன் இவ்வளவு கஞ்சத்தனம் என்று யோசித்த இவர், "கூச்சப்படாம இன்னும் கொஞ்சம் ஊத்துங்க" என்று ஆங்கிலத்தில் பெருந்தன்மையாகச் சொல்லியிருக்கிறார். அது சோதித்துப் பார்க்கக் கொடுத்தது என்று மறுநாள் காபி இயந்திரத்தின் பக்கத்தில் வைத்து ஒருவர் விளக்கிய பிறகுதான் தெரிந்தது.

அன்று மாலை கிளென்ஃபீல்டில் எங்கள் வீட்டுக்குள் நுழையும்போதே வகுப்பில் பெயர் கொடுத்துவிட்டு வந்தார். ஆறு செவ்வாய்க்கிழமைகள், இத்தாலியின் ஆறு பிரதேசங்கள். இரண்டு பேராகச் சேர்ந்தால் இரண்டாம் ஆளுக்குப் பாதிக் கட்டணம். ஒன்று வாங்கினால் இன்னொன்று பாதி விலை என்று எழுதியிருந்தால் தேவையே இல்லாத இரண்டாவதையும் வாங்குகிற குடும்பம் எங்களுடையது. இந்த முறை அந்த இரண்டாவது பொருள் நான்.

"நான் குடிக்க மாட்டேன்னு தெரியுமில்ல?" என்றேன்.

"குடிக்க வேண்டாம். துப்பிடலாமாம். படிப்புதான் இது."

நான் பால் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். கருவிகள் எத்தனையோ இருந்தாலும், சந்தேகமான மாதிரி ஒன்று வந்தால் கடைசியில் என்னைத்தான் கூப்பிட்டு மோந்து பார்க்கச் சொல்வார்கள். மாடு எந்தத் தீவனம் தின்றது, கேன் சரியாகக் கழுவப்பட்டதா என்பதெல்லாம் என் மூக்குக்குத் தெரியும். வீட்டில் இந்தத் திறமைக்கு ஒரே பயன்தான். ஃப்ரிட்ஜில் இருக்கும் சாம்பாரை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாமா என்று சொல்வது.

வகுப்பு ஒரு மாடி அறையில் நடந்தது. ஒவ்வொருவர் முன்னாலும் ஆறு கிளாஸ், ஒரு தண்ணீர்க் குவளை, துப்புவதற்கு ஒரு கறுப்பு வாளி. ஆசிரியை உயரமான, நரைத்த தலைமுடி கொண்ட நியூசிலாந்துப் பெண்மணி. இளவயதில் இரண்டு வருடம் இத்தாலியின் வடமேற்கு மூலையில், பியட்மான்ட் மலைகளில் திராட்சை பறித்தவர். முதல் வாரம் அந்தப் பிரதேசத்தைப் பற்றித்தான். அங்கே நெப்பியோலோ என்று ஒரு திராட்சை. மெல்லிய தோல், வெளிறிய நிறம், ஆனால் வாயைக் கட்டிப்போடும் துவர்ப்பு. மற்ற திராட்சைகள் எல்லாம் பழுத்துப் பறித்து முடிந்த பிறகும் இது காயாகவே நின்று அடம்பிடிக்கும். மூடுபனி இறங்குகிற காலத்தில்தான் மனம் வைத்துப் பழுக்கும். அதிலிருந்து செய்வதுதான் பரோலோ. செய்து வைத்தாலும் உடனே குடிக்க முடியாது, வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

"தெற்கு பார்த்த சரிவில்தான் இதை நட வேண்டும்" என்றார். வகுப்பில் பாதிப் பேர் முகத்தைச் சுளித்தார்கள். ஆக்லாந்தில் வடக்கு பார்த்த வீட்டுக்குத்தான் வெயில் வரும், வீட்டை ஏலம் விடும்போது அதற்குத்தான் கூட்டம் சேரும். இத்தாலி பூமியின் அந்தப் பாதியில் இருக்கிறது என்பது விளங்க எல்லோருக்கும் கொஞ்ச நேரம் ஆயிற்று. என் கணவர் மட்டும் ஆரம்பத்திலேயே தலையாட்டினார். எதற்குமே அவர் அப்படித்தான்.

அடுத்து ஆசிரியை மிகவும் பயபக்தியோடு ஒரு விஷயம் சொன்னார். நல்ல ஒயின் வேண்டுமென்றால் கொடி கஷ்டப்பட வேண்டும். வளமான மண்ணும் நிறையத் தண்ணீரும் கொடுத்தால் அது சோம்பேறியாகிவிடும். சுண்ணாம்பும் களியும் கலந்த வறட்டுச் சரிவில் வேரைக் கீழே கீழே விட்டுத் தவித்தால்தான் பழத்தில் சாரம் ஏறும்.

நான் கையைத் தூக்கினேன். "எங்க கம்பம் பக்கம் திராட்சைக்குப் பந்தல் போட்டு, தண்ணி விட்டு, உரம் வெச்சு வருஷத்துக்கு மூணு தடவை பறிப்பாங்க."

"அதில் எப்படிப்பட்ட ஒயின் வரும்?"

"பெரும்பாலும் அப்படியே சாப்பிட்டுடுவோம்."

அவர் என்னை அனுதாபத்தோடு பார்த்தார். எனக்கு வேறு யோசனை ஓடிக்கொண்டிருந்தது. விசாவுக்காக நாங்கள் மூன்று வருடம் தவித்திருக்கிறோம். வாடகை வீட்டில் ஈரச் சுவரோடு குளிர்காலங்களைக் கழித்திருக்கிறோம். வேரை எவ்வளவோ ஆழமாக விட்டும் பார்த்தோம். எங்களுக்குள் ஏதாவது சாரம் ஏறியதா என்றால், மார்ட்கேஜ்தான் ஏறியது.

பிறகு மோந்து பார்க்கும் படலம். கிளாஸைச் சுழற்றி, மூக்கை உள்ளே விட்டு, என்ன தெரிகிறது என்று சொல்ல வேண்டும். என் கணவர் மேஜைமேல் இருந்த அச்சிட்ட தாளைப் பார்த்து, "ரோஜா, செர்ரி, வயலெட்" என்று வரிசையாக வாசித்தார். என் முறை வந்தபோது நான் மோந்துவிட்டு, "ரோடு போடுற வாசம்" என்றேன். சிலர் சிரித்தார்கள். ஆசிரியை சிரிக்கவில்லை. "தார்," என்று பலகையில் எழுதினார். "பரோலோவுக்கு முதல் அடையாளமே அதுதான்."

அன்றிலிருந்து எனக்கு அந்த வகுப்பு பிடித்துப்போயிற்று. இரண்டாம் வாரம் வெரோனா பக்கம். அங்கே அறுவடை செய்த திராட்சையைத் தட்டுகளில் பரப்பி, மாதக்கணக்கில் காயவிட்டு, சுருங்கிய பிறகு பிழிகிறார்கள். அமரோனே என்று பெயர். "வத்தல் போடுற மாதிரி" என்று நான் சொன்னேன். கணவர் மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தார். மூன்றாம் வாரம் டஸ்கனி. சாஞ்சொவேசே திராட்சை ஒயினில் ரசத்துக்குக் கரைத்த புளியும் தக்காளிக் காம்பும் எனக்குத் தெரிந்தன. ஆசிரியை புளி என்பதற்கு ஆங்கில எழுத்து கேட்டு எழுதிக்கொண்டார். கணவர் அந்த வாரம் என் காலை மிதிக்கவில்லை, காதைத்தான் கொண்டுவந்து சாய்த்தார். நான் முணுமுணுப்பதை அவர் உரக்கச் சொல்ல ஆரம்பித்தார்.

துப்புகிற விஷயத்தில் மட்டும் எங்களுக்குள் கருத்து வேறுபாடு. காசு கொடுத்ததைத் துப்புவது அவர் வளர்ப்பில் இல்லை. நான்காம் வாரம், தெற்கே எரிமலைச் சாம்பல் மண்ணில் விளைகிற அல்யானிகோவுக்கு வரும்போது, அவர் வாளியில் ஒரு சொட்டும் இல்லை. அன்றைக்குத்தான் ஆசிரியை ஒரு கெட்டுப்போன பாட்டிலைச் சுற்றுக்கு விட்டார். கார்க் மரப்பட்டையில் எப்போதாவது வருகிற ஒரு கோளாறு ஒயினில் இறங்கிவிட்டால், பழ வாசமே செத்துப்போய், நனைந்த அட்டைப்பெட்டி வாசம்தான் மிஞ்சும். "யாருடைய தவறும் இல்லை, யார் பாட்டிலுக்கும் நேரலாம். இந்த நாட்டில் எல்லாம் திருகுமூடி என்பதால் நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். ஒரு தடவை மோந்தால் மறக்காது" என்றார். நான் மோந்தேன். என் கணவரும் மோந்தார். "அருமை" என்றார்.

கடைசி வாரம் சிசிலியும் தேர்வும். பெயர் மறைத்த ஆறு கிளாஸ்கள். அதில் இரண்டு சிவப்பு ஒயின்கள் பார்வைக்கு அக்காதங்கை மாதிரி ஒரே வெளிறிய நிறம். ஒன்று நெப்பியோலோ. இன்னொன்று எட்னா எரிமலைச் சரிவின் கறுப்பு மண்ணில் வளர்கிற நெரெல்லோ. பல பேர் அங்கேதான் தடுக்கி விழுந்தார்கள். எனக்கு இரண்டாவதில் அடுப்புக்கரியின் வாசம் லேசாக வந்தது. ஆறும் சரியாகச் சொன்னது நான் ஒருத்திதான். கணவர் இரண்டு சரியாகச் சொன்னார், அதில் ஒன்று வெள்ளை ஒயின். ஆசிரியை என் கையைக் குலுக்கி ஒரு பாட்டில் பரிசு கொடுத்தார்.

வீடு திரும்பும் பஸ் துறைமுகப் பாலத்தைத் தாண்டும்போதே என் கணவர் தமிழ்ச் சங்க வாட்ஸ்அப் குழுவில் பரிசு பாட்டிலின் படத்தைப் போட்டு, "இத்தாலிய ஒயின் தேர்வில் நாங்கள் முதலிடம்" என்று எழுதிவிட்டார். தமிழில் 'நாம்' என்றும் 'நாங்கள்' என்றும் இரண்டு வைத்திருக்கிறார்கள். எதிரில் இருப்பவரைச் சேர்ப்பதற்கு ஒன்று, விலக்குவதற்கு ஒன்று. மனைவியை விலக்கிவிட்டுப் புருஷனை மட்டும் குறிப்பதற்குத் தனியாக ஒன்று இல்லாததால் 'நாங்கள்' என்பதையே போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. இரண்டு வாரத்தில் முதலிடம் வந்தது அவர் என்று ஊருக்கே தெரிந்துவிட்டது.

நான் மறுக்கவில்லை. மறுத்தால், செவ்வாய்க்கிழமைதோறும் நானும் ஒயின் கிளாஸோடு உட்கார்ந்திருந்தேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். துப்பினேன் என்று சொன்னால் யார் நம்புவார்கள். அவர் பெருமைக்கு நான் திரை, என் மானத்துக்கு அவர் திரை. ஏற்பாடு இரண்டு பேருக்குமே வசதியாகத்தான் இருந்தது.

அந்த வசதி மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு வரைக்கும்தான் நீடித்தது.

அழைத்தவர் ஒரு மலேசியத் தமிழர், பல் டாக்டர். முப்பது வருடம் ஊர் வாயையெல்லாம் பார்த்துவிட்டு அந்த வாரம்தான் ஓய்வு பெற்றிருந்தார். கிறிஸ்தவக் குடும்பம். கிறிஸ்துமஸுக்கு வைக்கிற பாட்டிலை மறைத்துவைக்கிற பழக்கம் அவர்களுக்குக் கிடையாது. அவரும் அவர் மனைவியும் பத்தாம் கல்யாண நாளுக்கு இத்தாலி போயிருந்தபோது, பியட்மான்ட் மலைமேல் ஒரு வீட்டில் பரோலோ ஒன்று வாங்கி வந்தார்களாம். ஓய்வு பெற்ற பிறகுதான் திறப்பது என்று அதை இத்தனை வருடமாக வைத்துக் காத்திருந்தார். திறப்பதற்கு என் கணவரைவிடத் தகுதியானவர் யார்.

காரில் போகும்போதே கணவர் எனக்குச் சொல்லிக் கொடுத்தார். "நல்லா இருந்தா தொண்டையைச் செருமு. ரொம்ப நல்லா இருந்தா ரெண்டு தடவை."

"நல்லா இல்லன்னா?"

"பரோலோ எப்படிம்மா நல்லா இல்லாமப் போகும்?"

எட்டு பேர் மேஜையைச் சுற்றி இருந்தோம். ஆட்டுக்கறிப் பிரட்டல், நெய்ச்சோறு, கத்தரிக்காய். டாக்டர் குழந்தையைத் தூக்கிவருகிற மாதிரி பாட்டிலை இரண்டு கையாலும் கொண்டுவந்தார். கார்க்கை மெதுவாக உருவி, என் கணவர் கிளாஸில் ஒரு வாய் ஊற்றிவிட்டு நின்றார். இந்த முறை அவருக்கு அர்த்தம் தெரிந்திருந்தது. சுழற்றினார், கண்ணை மூடினார், மோந்தார்.

"தார். ரோஜா. மழை விட்ட காடு. அப்புறம் அந்த மூடுபனி" என்றார்.

எல்லோருக்கும் ஊற்றப்பட்டது. எதிரில் இருந்த யாழ்ப்பாணத்து அக்கவுண்டன்ட் ஒரு மிடறு குடித்துவிட்டு, "ஓம், பழைய புத்தகக்கடைக்குள்ள போன மாதிரி ஒரு மணம். இதுக்குத்தான் இத்தனை வருஷம் வைக்கிறது போல" என்றார். பக்கத்தில் இருந்தவர் காளான் என்றார். இன்னொருவர் தேவாலயத்து மரப்பெஞ்ச் என்றார். பெரிய ஒயினைப் பற்றிப் பேசும்போது சின்னதாக எதையும் சொல்லிவிடக் கூடாதே என்று ஆளாளுக்குப் பயம்.

எனக்கும் மரியாதைக்கு ஒரு விரற்கடை ஊற்றியிருந்தார்கள். மூக்குக்குக் கொண்டுபோவதற்கு முன்னாலேயே தெரிந்துவிட்டது. மழையில் நனைந்து காரேஜில் ஒரு மாதம் கிடந்த அட்டைப்பெட்டி. நான் செருமவில்லை. கணவர் என்னைப் பார்த்தார். நான் தலையை லேசாக ஆட்டி இல்லை என்றேன். அவர் அதைப் புரிந்துகொண்டது வேறு மாதிரி. "என் மனைவிக்கு இனிமே ஊத்த வேண்டாம், பழக்கமில்ல" என்றார்.

சும்மா இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஒரு பாட்டில் கெட்டுப்போனதால் யாரும் சாகப்போவதில்லை. எல்லோரும் சந்தோஷமாகக் காளானையும் மரப்பெஞ்சையும் குடித்துக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் டாக்டர் மட்டும் சந்தோஷமாக இல்லை. கிளாஸை வைப்பதும் எடுப்பதுமாக இருந்தார். பிறகு பக்கத்தில் இருந்த மனைவியிடம் தணிந்த குரலில் சொன்னது, அடுத்த நாற்காலியில் இருந்த எனக்குக் கேட்டது.

"அன்னிக்கி அங்க குடிச்சப்ப வேற மாதிரி இருந்துச்சு லா. இவங்க எல்லாருக்கும் தெரியுது, எனக்கு மட்டும் ஒண்ணும் தெரியல. என் மூக்குக்கும் வயசாயிருச்சு போல."

அவர் மனைவி அவர் கையைத் தட்டிக்கொடுத்தார். ஓய்வு பெற்ற முதல் வாரத்தில் ஒரு மனிதர் தன்னைப் பற்றிக் கண்டுபிடிக்கிற விஷயம் இதுவாக இருக்கக் கூடாது என்று எனக்குப் பட்டது.

"டாக்டர், உங்க மூக்குல ஒரு குறையும் இல்ல," என்றேன். "பாட்டில்லதான் குறை. கார்க் கெட்டுப்போயிருக்கு."

அக்கவுண்டன்ட் கிளாஸைக் கீழே வைத்தார். என் கணவர் என்னைப் பார்த்த பார்வையில் இரண்டு தடவை செருமு என்கிற கெஞ்சல் இருந்தது.

"நீங்க குடிக்கவே இல்லையே தங்கச்சி" என்றார் டாக்டர்.

"மோந்தேன். நனைஞ்ச அட்டை வாசம். யார் தப்பும் இல்ல, வெச்சிருந்த இடமும் காரணம் இல்ல. அங்கேயே, அடைக்கும்போதே வந்திருக்கும்."

டாக்டரின் மனைவி கிளாஸை வாங்கி மோந்து பார்த்தார். அவரும் குடிக்காதவர். "ஆமா," என்றார். "நம்ம பழைய வீட்டு லாண்டரி அலமாரி. நான் அப்பவே நெனச்சேன், ஒயின்னா இப்படித்தான் இருக்கும் போலன்னு விட்டுட்டேன்."

எல்லோரும் என் கணவர் பக்கம் திரும்பினார்கள். முதலிடம் வந்தவர் அவர்தானே. அவர் முகத்தில் பல கணக்குகள் ஓடின. மழைக்காடு என்று சொன்னதைக் காப்பாற்றலாம். ஒரு பேச்சுக்குச் சொன்னேன் என்று சிரிக்கலாம். பிறகு நெய்ச்சோற்றைப் பார்த்துக்கொண்டே, "அவ சொன்னா சரியாத்தான் இருக்கும். அந்தத் தேர்வுல ஆறுக்கு ஆறு எடுத்தது அவதான். நான் ரெண்டு" என்றார்.

எங்கள் கல்யாண வாழ்க்கையில் அவர் என்னைப் பற்றிப் பொதுவில் சொன்ன மிக நல்ல வாக்கியம் அது. சொல்லும்போது அவர் காது சிவந்திருந்தது. எனக்குக் கோபமெல்லாம் போய், அவர் தட்டில் ஒரு துண்டு கறியை எடுத்து வைக்கத் தோன்றியது. வைத்தேன்.

டாக்டர் பாட்டிலைக் கையில் எடுத்தார். அழுதுவிடுவாரோ என்று பயந்தேன். அவர் சிரித்தார். மனிதருக்கு விடுதலை கிடைத்த சிரிப்பு. "அப்ப எனக்கு மூக்கு இருக்கு" என்றார். எழுந்து போய், இருபது வருடக் காத்திருப்பைச் சமையலறைத் தொட்டியில் தலைகீழாகக் கவிழ்த்தார். அவர் மனைவி தண்ணீரைத் திறந்துவிட்டார்.

"இப்ப கறிக்கு என்ன செய்யிறது?" என்று கேட்டார் திரும்பி வந்து.

அக்கவுண்டன்ட் தயங்கித் தயங்கி, தான் கொண்டுவந்து வாசல் ஓரமாக, செருப்புகளுக்குப் பக்கத்தில் பையோடு வைத்திருந்த ஒரு பாட்டிலைப் பற்றிச் சொன்னார். வரும் வழியில் சூப்பர்மார்க்கெட்டில் வாங்கியதாம். பரோலோ இருக்கிற வீட்டில் இதை எப்படி எடுத்து நீட்டுவது என்று வெட்கப்பட்டு விட்டுவிட்டாராம். எடுத்துப் பார்த்தால் பார்பெரா. அதே பியட்மான்ட் மலைகள்தான். நல்ல சரிவுகளையெல்லாம் நெப்பியோலோவுக்குக் கொடுத்துவிட்டு, மிச்சம் இருக்கிற இடத்தில் நடுகிற திராட்சை. அடம்பிடிக்காமல் காய்க்கும், துவர்ப்பு குறைவு, புளிப்பு அதிகம். அங்கே இருப்பவர்கள் தினமும் மதியச் சாப்பாட்டோடு குடிப்பது இதைத்தான் என்று ஆசிரியை சொல்லியிருந்தார். பரோலோவை வெளியூர்க்காரர்களுக்கு விற்கிறார்கள்.

"கொழுப்புள்ள கறிக்கு இந்தப் புளிப்புதான் சரி" என்றேன். டாக்டர் முதல் வாயை எனக்குத்தான் ஊற்றினார். சுற்றிலும் பார்த்தேன். துப்புவதற்கு அந்த வீட்டில் வாளி இல்லை, ஏழு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விழுங்கினேன். நாவல் பழம் தின்ற மாதிரி இருந்தது. "நல்லா இருக்கு" என்றேன். யாரும் காளான் என்று சொல்லவில்லை. கறி தீர்ந்தது, பாட்டிலும் தீர்ந்தது.

செய்தி பரவ ஒரு நாள்கூட ஆகவில்லை. அடுத்த மாதம் சங்கத்தின் பொங்கல் கூட்டம். மதுவே தொடாதவர்கள் என்று நான் மதிப்பு வைத்திருந்த இரண்டு பேர் கார் நிறுத்துமிடத்தில் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அலுவலகத்தில் பரிசாகக் கொடுத்த பாட்டில்களைத் துணிப்பையிலிருந்து எடுத்துக் காட்டி, "இது நல்லதாம்மா, சும்மா தெரிஞ்சுக்கத்தான்" என்று கேட்டார்கள். என்னைப் பற்றிக் குறையாகப் பேசுவார்கள் என்று நான் பயந்த பெண்கள், எந்த ஒயினை மாமிசத்தில் ஊற்றினால் சீக்கிரம் வேகும் என்று விசாரித்தார்கள். என் கணவர் ஒயினை விட்டுவிட்டார். இப்போது ஆலிவ் எண்ணெய் வகுப்பில் சேர்ந்திருக்கிறார். அதிலும் இரண்டாம் ஆளுக்குப் பாதிக் கட்டணம். தனியாகப் போய்விட்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டேன்.

எனக்கும் நேரம் இல்லை. டாக்டரின் மனைவி பொங்கலுக்குப் பிறகு போனில் கூப்பிட்டார். "அந்த டீச்சர் அடுத்த கிளாஸ் எப்ப ஆரம்பிக்கிறாங்க? அவர் முப்பது வருஷமா வெளியில இருந்தார். இப்ப முழு நாளும் வீட்ல இருக்காரு, நான் வாரத்துல ஒரு நாளாவது வெளிய போகணும்."

நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்தோம். இந்த முறை இத்தாலியின் கடலோரப் பகுதியான லிகூரியாவிலிருந்து ஆரம்பம். கடலுக்கு மேல் செங்குத்தாக நிற்கிற பாறையில், கல்லடுக்கிக் கட்டிய ஒற்றையடி அகலப் படிகளில் கொடி வளர்கிறது, பழத்தை முதுகில் சுமந்துதான் இறக்குகிறார்கள் என்று ஆசிரியை படம் காட்டினார். டாக்டரின் மனைவி படத்தை உற்றுப் பார்த்துவிட்டு என் பக்கம் குனிந்தார்.

"இவ்ளோ கஷ்டப்பட்டு ஏறி நடணுமா? கீழ எடமே இல்லையா?"

"கேளுங்களேன்" என்றேன்.

அவர் கையைத் தூக்கினார்.